பௌதிக வகுப்பைக் கவிழ்த்த கதிர்காமநாதன் அண்ணை

“பிள்ளைக்கு எது விருப்பமோ அதை எடுக்கட்டாம். இதைச் சொல்லவோ அவவுக்குச் சம்பளம்?”

2022ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து வைகாசி வரைக்கும் கதிர்காமநாதன் அண்ணை இதை ஒரு நாளும் தவறாமல் சொன்னார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னார். குப்பை வாளியைக் கீழே கொண்டுபோகும்போது சொன்னார். ஜேர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் கட்டடத்துக்குப் படிக்கட்டு ஒன்றுதான். அவர் குடும்பம் இரண்டாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. உடுப்புக் கூடையோடு நான் இறங்கினால், காலை வணக்கத்துக்குப் பதிலாக இந்த வசனம்தான் கிடைக்கும்.

“அவ” என்பது அவருடைய மகள் சாரங்கா படித்த கிம்னாசியத்தில், அதாவது உயர்தரப் பள்ளியில், பாடத்தெரிவுக்குப் பொறுப்பாக இருந்த ரீச்சர். பாவம், அந்த மனுசி ஒரு குற்றமும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னா, அவ்வளவுதான்.

அண்ணைக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. அளவெட்டிக்காரர். 1991இல் வந்தவர். தண்ணீர்க் குழாய்க்கு வால்வு செய்கிற தொழிற்சாலையில் லேத் இயந்திரத்தில் வேலை. வலது கைப் பெருவிரல் நகத்தில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அது ஊத்தை இல்லை. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அவர் மனைவி புஸ்பவதி எலுமிச்சம்பழம் கூடத் தேய்த்துப் பார்த்தவ.

ஊரில் இவர் உயர்தரம் படிக்கப் போன வருடம், பள்ளிக்கூடத்தின் பௌதிகவியல் வாத்தியார் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து கனடாவுக்குப் போய்விட்டார் என்று பிறகுதான் தெரியும். அதிபர் கணிதப் பிரிவில் இருந்த இருபத்திரண்டு பெடியங்களையும் கதிரையோடு எழுப்பி, பக்கத்து வகுப்பில் வர்த்தகம் படிக்கக் கொண்டுபோய் விட்டார். அண்ணையின் வாழ்க்கை வரலாறு அவருடைய கணக்கில் இவ்வளவுதான்: சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் எஞ்சினியர், இந்தப் பக்கம் வந்ததால் வால்வு.

ஆகவே பாடத்தெரிவு என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை. ஒரு பெட்டியில் பிழையாகப் புள்ளடி போட்டால் கதவு சாத்திவிடும், பிறகு எந்தக் கடவுள் வந்து தட்டினாலும் திறக்காது. சாரங்கா எஞ்சினியராக வேண்டும் என்பது அவர் ஆசை மட்டுமில்லை, அவளுடைய ஆசையும்தான். ஒன்பது வயதிலேயே என் முட்டை அடிக்கிற மெஷினைக் கழற்றியவள். அது இன்னும் இரண்டு துண்டாக என் அலுமாரியில் கிடக்கிறது.

இங்கே கிம்னாசியத்தில் கடைசி இரண்டு வருடமும் இரண்டு பாடங்களை ஆழமாகப் படிக்க வேண்டும். பிள்ளைகள் அதை எல்கா என்பார்கள். மற்றப் பாடங்கள் பக்கவாத்தியம். அதைத் தெரிவு செய்கிற விளக்கக் கூட்டத்துக்கு அண்ணை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார். கை உயர்த்திக் கேட்டார்.

“இயந்திரப் பொறியியல் படிக்க எந்த எல்கா வேணும்?”

“எதுவும் எடுக்கலாம்,” என்றா ரீச்சர். “கடைசிச் சோதனை அபிட்டூரைப் பாஸ் பண்ணினால் போதும். கணிதம் நல்லாயிருந்தால் உதவியாக இருக்கும்.”

“பௌதிகம்?”

“விருப்பமென்றால் எடுக்கட்டும்.”

“விருப்பமில்லையென்றால்?”

“எடுக்கத் தேவையில்லை.”

“சித்திரம் எடுத்தால்?”

“எடுக்கலாம்.”

“சங்கீதம்?”

“அதுவும் எடுக்கலாம். உங்கள் மகளுக்கு எது விருப்பமோ அதை எடுக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து கழுத்துப்பட்டியை இழுத்து எறிந்தார். “புஸ்பா, இவளவை எதையோ மறைக்கிறாளவை.”

பிறகு தானே ஆராய்ச்சியில் இறங்கினார். சுவரில் ஒட்டி மிஞ்சிய காகிதச் சுருளின் பின்பக்கத்தில் இருபத்தொரு பொறியியல் படிப்புகளின் பெயர்களை எழுதி, எந்தப் பாடத்திலிருந்து எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று நிறம் நிறமாகக் கோடு கீறினார். மண்டபத்தின் நீளத்துக்கு விரித்து வைத்திருந்தார். புஸ்பவதி மிதிக்காமல் குசினிக்குப் போக மூன்று நாள் பாய்ந்து பாய்ந்து நடந்தா.

“இஞ்சருங்கோ, எல்லாக் கோடும் பௌதிகத்திலையிருந்துதானே போகுது?”

“பாத்தீரோ? அதுதான் உண்மை.”

“நீங்கள்தானே கீறினது?”

அவர் பேனையை எடுத்து அடுத்த கோட்டைக் கீறினார்.

கடைசியில் சாரங்கா கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் புள்ளடி போட்டாள். அவளுக்கு அது முதலே விருப்பம். தகப்பனிடம் சொல்லவும் சொன்னாள். அண்ணைதான் கோடு கீறி முடியும் வரைக்கும் காது கொடுக்கவில்லை. படிவம் கொடுக்க வேண்டியது வெள்ளிக்கிழமை. ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும், பள்ளி அலுவலகம் பன்னிரண்டுக்குப் பூட்டும். ஆகவே பிள்ளை விளையாட்டுப் பாடத்தின் நடுவில் காற்சட்டையோடு ஓடி, பத்து இருபத்தேழுக்குக் கொடுத்தாள். எல்லாம் சரி.

இதோடு விட்டிருந்தால் நான் எழுத ஒன்றும் இருந்திராது.

நம் சனத்துக்குக் கண்ணூறு என்ற ஒன்று இருக்கிறதே. பிள்ளை என்ன படிக்கப் போகுது, எங்கே விண்ணப்பம் போட்டது, ஒன்றும் வெளியில் விடக்கூடாது. விட்டால் கருகிவிடும். எல்லாம் கிடைத்து, பட்டமும் வாங்கி, படமும் எடுத்த பிறகு ஒரே நாளில் எல்லோருக்கும் படம் அனுப்பலாம். அதுவரைக்கும் பொய். இதைக் குற்றமென்று சொல்ல வரவில்லை. நானும் அப்படித்தான் செய்தவள்.

அந்த ஞாயிறு ஒரு சாமத்தியச் சடங்கு. மண்டபத்தில் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் அண்ணையை நேசமலர் மறித்தா. நேசமலரின் மகன் பிருந்தனும் சாரங்காவின் வகுப்புத்தான். ரோல்ஸ் எடுக்க நானும் பக்கத்தில் நின்றதால் இது கண்ணால் கண்ட சாட்சி.

“அண்ணை, சாரங்காவுக்குப் பாடம் எல்லாம் குடுத்தாச்சோ?”

“ஓம், குடுத்தாச்சு.”

“என்னென்ன?”

“கணக்கு.”

“அது தெரிஞ்சதுதானே. மற்றது?”

அண்ணையின் வாய்க்குள் பாதி ரோல்ஸ். அதை மென்று முடிக்கிற நேரத்துக்குள் ஒரு பொய் வேண்டும். படிவத்தின் கடைசி வரியில் யாரும் பார்க்காத ஒரு பாடம் இருந்தது அவருக்கு நினைவு வந்தது.

“பெடகோகிக்.”

“அதென்ன சாமான்?”

“பிள்ளை வளர்ப்பு.”

“பிள்ளை வளர்ப்போ? பள்ளிக்கூடத்திலையோ?”

“ஓம்.”

“எஞ்சினியர் படிக்கவோ?”

“ஓம்.”

இந்த இடத்தில் மனுசன் கொஞ்சம் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.

வேறு யாரும் சொல்லியிருந்தால் நேசமலர் “போங்கோ அண்ணை, பகிடி விடாதேங்கோ” என்று போயிருப்பா. கதிர்காமநாதன் அண்ணைக்கு ஒரு பெயர் இருந்தது. முன்பு எல்லோரும் பாஸ்போட்டுக்கு மாதக்கணக்கில் வரிசையில் கிடந்தபோது, எந்த மேசையில் எந்தக் கடிதம் கொடுத்தால் கெதியாக முடியும் என்று கண்டுபிடித்து, தன் குடும்பத்துக்கு முடியும்வரை மூச்சு விடாமல் இருந்தவர். அன்றிலிருந்து சனம் முடிவு கட்டியிருந்தது: இந்த மனுசனுக்கு ஏதோ தெரியும், சொல்லமாட்டார். அப்படிப்பட்டவர் வாய் தவறி ஒன்றைச் சொன்னால்?

திங்கட்கிழமை காலையே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. சாரங்காவோடு படிக்கிற தேனுஜாவின் தகப்பன் மகேந்திரராஜாவைப் பல்கடையில் கண்டேன். மரக்கறிக் கடையைத்தான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம், கடைக்காரனுக்குப் பல் நீளம். மகேந்திரராஜா ஒரு கையில் கத்தரிக்காயோடு எனக்கு விளக்கம் சொன்னார்.

“இப்ப எஞ்சினியர்மார் என்ன செய்யினம்? றோபோ செய்யினம். செய்தால் மட்டும் காணுமோ? அதுக்குப் பழக்க வேணும், சொல்லிக் குடுக்க வேணும். பிள்ளை மாதிரி வளக்க வேணும். விளங்குதோ? அண்ணை எங்கையோ போயிட்டார்.”

“றோபோவுக்கு ஆர் பால் குடுக்கிறது?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு இதுகள் விளங்காது அக்கா.”

அந்த வகுப்பில் சாரங்காவோடு சேர்த்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேர். தெரிவை மாற்ற அடுத்த வெள்ளி வரை நேரம் இருந்தது. புதன்கிழமைக்குள் மற்ற ஐந்து பிள்ளைகளும் பௌதிகத்தை வெட்டிவிட்டுப் பிள்ளை வளர்ப்புக்கு மாறிவிட்டார்கள். பிள்ளைகள் எங்கே மாறினார்கள்? தாய்தகப்பன் மாற்றினார்கள். ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டுக்குச் சொல்லாமல், தாங்கள் மட்டும்தான் கண்டுபிடித்ததாக நினைத்து, களவாக மாற்றினார்கள்.

யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு எல்கா நடக்கப் பதினொரு பிள்ளைகளாவது வேண்டும். பௌதிகத்துக்கு வருடா வருடம் பன்னிரண்டு, பதின்மூன்றுதான் தேறும். அதில் அரைவாசி எங்கள் பிள்ளைகள். அதாவது அந்தப் பள்ளியில் பௌதிகம் என்ற பாடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததே தமிழ்த் தாய்தகப்பன்மார்தான். ஐந்து பேர் கையை எடுத்ததும் பொத்தென்று விழுந்தது.

அடுத்த புதன்கிழமை கடிதம் வந்தது. சாரங்கா மேசையில் வைத்து வாசித்தாள். ஆட்கள் போதாததால் பௌதிக எல்கா இந்த முறை நடைபெறாது. வரும் திங்கட்கிழமைக்குள் எண்ணிக்கை கூடினால் மட்டும் நடக்கும். இல்லாவிட்டால் வேறு பாடம் தெரிவு செய்யவும்.

“எப்பிடிக் காணாமல் போகும்?” என்று அண்ணை கத்தினார். எனக்கு மேலே கேட்டது. “எங்கடை பிள்ளையள் எல்லாம் அதுதானே எடுக்கிறது?”

“அவையெல்லாம் பெடகோகிக்குக்கு மாறிட்டினம் அப்பா.”

“ஏன்? விசரோ?”

“நீங்கள் சொன்னியளாம்.”

நான் மாக்குழைக்கிறதை நிற்பாட்டிவிட்டுக் காது கொடுத்தேன். பிறகு புஸ்பவதியின் குரல் வந்தது: “நீங்கள் சுவருக்கு மற்றப் பக்கம் போனதுக்கு வாத்தி காரணம். இவள் போனால் நீங்கள்தான் காரணம்.” புஸ்பவதி அதிகம் பேசமாட்டா. பேசினால் இப்படித்தான்.

வியாழன் மாலையே அண்ணை உண்மை சொல்ல வெளிக்கிட்டார். முதலில் நேசமலர் வீடு. துணைக்குப் புஸ்பவதி என்னையும் கூட்டிக்கொண்டு போனா. தேத்தண்ணி வந்தது.

“நேசமலர், அண்டைக்கு நான் சொன்னது பொய்.”

“எது அண்ணை?”

“பெடகோகிக். சாரங்கா எடுத்தது பௌதிகம்.”

நேசமலர் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தா. “ஓ.”

“உம்மடை பெடியனைத் திருப்பிப் பௌதிகத்துக்கு மாத்தும். திங்கக்கிழமைக்குள்ளை.”

“ஏன் அண்ணை, அங்கை இடம் குறைஞ்சு போச்சோ?”

“எங்கை?”

“பெடகோகிக்கிலை. சனம் கூடிட்டுதெண்டு எங்களைக் கலைக்க வாறியளோ?”

“ஐயோ, அப்பிடியில்லை. இந்தா படிவத்தின்ரை கொப்பி. பாரும், பௌதிகம் எண்டு புள்ளடி போட்டிருக்கு.”

நேசமலர் கண்ணாடி போட்டுப் பார்த்தா. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தா. “இது இண்டைக்குப் போட்ட புள்ளடி மாதிரி இருக்கு.”

“நான் என்ன சொன்னால் நம்புவீர்?”

“அண்ணை, நீங்கள் முதல் நாள் வாய் தவறிச் சொன்னியள். அதுதான் உண்மை. இப்ப யோசிச்சுச் சொல்லுறியள்.”

பிருந்தன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். “அம்மா, எனக்குப் பெடகோகிக் உண்மையாவே பிடிச்சிருக்கு.”

“நீ வாயைப் பொத்து. பெரியாக்கள் கதைக்கினம்.”

மகேந்திரராஜா வீட்டில் இதைவிட மோசம். அவர் அண்ணையைக் கட்டிப்பிடித்து, “எனக்கு விளங்குது அண்ணை, நானெண்டாலும் இதைத்தான் செய்வன்” என்று சொல்லி, வாசல்வரை கொண்டுவந்து விட்டார். வெள்ளி இரவுக்குள் ஐந்து வீடும் முடிந்தது. அவர் எவ்வளவு கெஞ்சினாரோ அவ்வளவுக்குச் சனத்தின் நம்பிக்கை பெலத்தது. ஒரு மனுசன் இவ்வளவு அலைந்து மறுக்கிறான் என்றால் அதில் எவ்வளவு பெரிய இரகசியம் இருக்க வேண்டும்! பொய்யை ஒரு ரோல்ஸோடு நம்பிய சனம், உண்மைக்கு ஐந்து தேத்தண்ணி குடித்தும் நம்பவில்லை.

மிஞ்சினது சத்தியம் ஒன்றுதான். கோயிலுக்கு வாங்கோ, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றால் யாரும் மினக்கெட்டு வரமாட்டார்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு எல்லோரும் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். புஸ்பவதியும் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறா. அது வாடகைக்கு எடுத்த ஜேர்மன் பள்ளிக்கூடம். அண்ணை அங்கேயே வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தார்.

தேத்தண்ணி அறையில் ஒரு தகரத் தட்டு. பக்கத்தில் பிள்ளையார் படம். ஒரு கட்டிக் கற்பூரம் காணும்தானே? இல்லை. ஒரு கட்டிக்கு ஒரு கட்டி நம்பிக்கைதான் வரும் என்று நினைத்தாரோ என்னவோ, பெட்டி முழுவதையும் கொட்டிக் கொளுத்தினார்.

“பிள்ளையாராணை, என்ரை மகள் எடுத்தது பௌதிகம்!” என்று நெருப்பின்மேல் ஓங்கி அடித்தார்.

பிள்ளையார் ஏற்றுக்கொண்டாரோ தெரியாது. கூரையில் இருந்த புகையறி கருவி ஏற்றுக்கொண்டது. கட்டடம் முழுக்க அலறியது. நூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் வரிசையாக முற்றத்துக்கு வந்தார்கள். சின்ன வகுப்பு “அ, ஆ” சொல்லிக்கொண்டே வந்தது. நேசமலர் பற்றீஸ் தட்டைத்தான் முதலில் காப்பாற்றினா. பத்து நிமிடத்தில் இரண்டு தீயணைப்பு வண்டி. கட்டடப் பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

தீயணைப்புக்குப் பொறுப்பாக வந்தவ ஒரு பொம்பிளை. உயரமான ஆள், தோளில் பட்டை எல்லாம் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்து, தட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தா. அண்ணையின் உள்ளங்கை கறுத்துப் போயிருந்தது. அதைப் பிடித்துப் பார்த்தபடி, “எதற்காக மேசையில் நெருப்பு வைத்தீர்கள்?” என்று கேட்டா.

அண்ணை பொய் சொல்லிக் களைத்திருந்தார். ஜேர்மன் மொழியில் முழு உண்மையும் சொன்னார். “என் மகள் பௌதிக எல்கா எடுத்தாள் என்று இவர்கள் நம்புவதற்காக.”

அந்த மனுசி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தா. தொழிலில் எத்தனையோ நெருப்புப் பார்த்திருப்பா. “மகள் என்ன படிக்கப் போகிறா?”

“எஞ்சினியர்.”

“அப்படியா? நானும் எஞ்சினியர்தான். படித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன். பௌதிகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பயப்படாதீர்கள்.”

மகேந்திரராஜா சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். “மன்னிக்க வேணும். உங்கள் எல்கா என்ன?”

“என்னுடையதா? பயோவும் பெடகோகிக்கும்.”

பிறகு நேசமலர் பற்றீஸ் தட்டோடு திரும்பி, எல்லோரையும் பார்த்து, “இப்ப என்ன சொல்லுறியள்?” என்றா.

அண்ணை பள்ளிக்கூடப் படியில் குந்திவிட்டார். நான் பக்கத்தில் போய் ஈரத்துணியைக் கையில் சுற்றினேன். அவர் என்னைப் பார்த்து, “தங்கச்சி, நீராவது நம்புறீரோ?” என்று கேட்டார். “நான் நம்பி என்ன அண்ணை, எனக்கு எல்கா எடுக்கிற வயசில்லையே” என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரம் அதுதான் வந்தது.

திங்கட்கிழமை ஒருவரும் பௌதிகத்துக்குத் திரும்பவில்லை. அதற்கு மேல், மற்றப் பள்ளிகளில் படித்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் பெடகோகிக்குக்கு மாறியதாகக் கேள்வி.

சாரங்காவுக்கு முன்னால் வெறும் படிவம் கிடந்தது. கணிதத்தோடு ஆங்கிலம், சரித்திரம், பெடகோகிக், இந்த மூன்றில் ஒன்று எடுக்கலாம். அண்ணை கட்டுப் போட்ட கையோடு கதிரையில் இருந்தார். கதவு சாத்திவிட்டது, சாத்தியவன் நான், என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை பேனையை எடுத்துக் கடைசி வரியில் புள்ளடி போட்டாள்.

“ஏனடி பிள்ளை?”

“இனி நீங்கள் பொய் சொன்ன ஆளில்லை அப்பா.”

இதைப் புஸ்பவதி எனக்குச் சொல்லும்போது அழுதா. நான் அழவில்லை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனத்துக்கு இது தெரிந்தபோது என்ன சொன்னது என்று உங்களுக்கே விளங்கும். “பாத்தியளோ? கடைசியிலை அதைத்தானே எடுத்தவள்! என்ன நடிப்பு அந்த மனுசனுக்கு!”

இரண்டு வருடம் அண்ணை பேசவில்லை என்றே சொல்லலாம். மகள் வீட்டில் தொட்டில் பிள்ளையின் மனவளர்ச்சி பற்றிச் சத்தமாகப் படிப்பாள், இவர் எழும்பிப் போய் யன்னலைத் திறப்பார். 2024இல் நல்ல அபிட்டூர். உடனே மகளையும் சான்றிதழ்க் கோப்பையும் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழக ஆலோசகரிடம் நேரம் குறித்து, தெர்மீன் எடுத்துப் போனார். தீர்ப்புக் கேட்கப் போகிறவர் போல அதே கழுத்துப்பட்டி. அங்கே இருந்தது ஒரு இளம் ஆள். அண்ணை கோப்பைத் திறந்து, “எல்கா…” என்று தொடங்கினார். அவன் கோப்பை மூடிக் கையில் கொடுத்தான்.

“அதை நாங்கள் பார்ப்பதில்லை. இயந்திரப் பொறியியலுக்கு இடம் இருக்கிறது. தொடங்குவதற்கு முன் கணித ஆயத்த வகுப்புக்கு வந்தால் நல்லது. ஆனால் ஒன்று கட்டாயம்.”

அண்ணை கதிரை நுனிக்கு வந்தார். இதோ, மறைத்ததைச் சொல்லப் போகிறான்.

“எட்டுக் கிழமை உலோகப் பட்டறையில் வேலை செய்த பத்திரம் வேணும். அரத்தால் ராவ வேணும், துளைக்க வேணும், லேத்தில் கடைய வேணும்.”

“யார்?”

“உங்கள் மகள்.”

“எஞ்சினியர் ஆவதற்கு முன்னமோ?”

“ஓம், முன்னம்.”

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அண்ணை இரண்டு தரிப்பிடம் பிந்தித்தான் இறங்கினார். கதவைத் திறந்தவுடன் சொன்னார்: “புஸ்பா, நான் இவ்வளவு வருஷம் ராவினது இவள் ராவக்கூடாதெண்டு. இப்ப ராவினால்தான் உள்ளை விடுவாங்களாம்.”

“நல்லதாப் போச்சு. உங்கடை வேலையிடத்திலையே கேளுங்கோ.”

கேட்டார், இடம் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை: சொந்தக்காரர் பழக்கக்கூடாது. நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு. அந்தப் பக்கம் சாரங்கா, அவளைப் பழக்கிய ஜேர்மன் மேலாள், அரம். இந்தப் பக்கம் அண்ணை, லேத். எட்டுக் கிழமை கோட்டைத் தாண்டக்கூடாது. அவள் ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக ராவ வேண்டும். முதல் கிழமை அது மோதகம் மாதிரி வந்தது. இரண்டாம் கிழமை கொழுக்கட்டை. அண்ணை இரவுச் சாப்பாட்டில் ஒன்றும் பேசமாட்டார். ஆனால் கரண்டி பிடித்த கை முன்னும் பின்னும் போய் வருமாம்.

கடைசி நாள் மேலாளுக்குச் சுகமில்லை. பத்திரத்தில் கையெழுத்து வேண்டும். அலுவலகம் விதியை வாசித்துப் பார்த்தது. சொந்தக்காரர் பழக்கக்கூடாது என்று இருந்தது, கையெழுத்து வைக்கக்கூடாது என்று இல்லை. பரீட்சை எழுதித் தேறிய மூத்த தொழிலாளி வைக்கலாம் என்றார்கள். அது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அண்ணை மஞ்சள் கோட்டைத் தாண்டினார். சாரங்காவின் இரும்புத் துண்டை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். மூலை சரியென்றால் இடையில் வெளிச்சம் வரக்கூடாது.

“வெளிச்சம் தெரியுது.”

“கொஞ்சம்தானே அப்பா.”

“சதுரம் வராமல் கையெழுத்தில்லை.”

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் பிள்ளை இரண்டு மணித்தியாலம் நின்று ராவினாள். அவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. லேத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளிச்சம் மறைந்ததும் கையெழுத்து வைத்தார். பல்கலைக்கழகம் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. பௌதிகம், பௌதிகம் என்று இருபத்தொரு கோடு கீறிய மனுசனிடம், கடைசியில் அந்தப் பல்கலைக்கழகம் கட்டாயமாகக் கேட்ட ஒரே பாடம் அவருடைய பாடம்தான்.

சாரங்கா இப்போது மூன்றாம் அரையாண்டு. இயக்கவியல் சோதனை முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறினாள். தேனுஜா மின்பொறியியல் படிக்கிறாள். பிருந்தன் வாத்தியாராவதற்குப் படிக்கிறான், அவனைப்போலச் சந்தோசமான பிள்ளை இந்த ஊரில் இல்லை. நேசமலர் மட்டும் அண்ணையைக் கண்டால் முகத்தைத் திருப்புவா. எஞ்சினியராக வேண்டிய பிள்ளையை அவர் கெடுத்துவிட்டாராம். அடுத்த வருடம் சாரங்கா எந்தத் துறையில் ஆழமாகப் படிப்பது என்று தெரிவு செய்ய வேண்டும். தகப்பனைக் கேட்டிருக்கிறாள். அவர் காகிதச் சுருளைத் தேடவில்லை. “உனக்கு எது விருப்பமோ அதை எடு” என்றாராம்.

இப்போது சனிக்கிழமைகளில் புஸ்பவதியைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, சட்டை கொளுவுகிற இடத்துக்குப் பக்கத்து நீள வாங்கில் அண்ணை இருப்பார். பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கிற தாய்தகப்பன்மார் ஒவ்வொருவராக, மற்றவருக்குத் தெரியாமல், கிட்டப் போய்க் குனிந்து கேட்கிறார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே மறுமொழிதான் சொல்கிறார். அவர்கள் கோபத்தோடு படியிறங்கி வருகிறார்கள். போன கிழமையும் ஒரு தகப்பன் என்னிடம் வந்து முறையிட்டார்: “பிள்ளைக்கு எது விருப்பமோ அதை எடுக்கட்டாம். இதைச் சொல்லவோ அந்தாள் அங்கை இருக்கிறார்?”

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அவர் அங்கே இருப்பார். போய்ப் பாருங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ, கேள்வியைப் பிள்ளை கேட்கட்டும். அவர் சொல்வதை முதல் முறையே நம்பிவிட்டு, கையைப் பிடித்து, “ஓம் அண்ணை, நம்புறம்” என்று சொல்லிவிட்டு வாங்கோ. அந்தக் கையில் தழும்பு இருக்கிறது, அழுத்திப் பிடிக்க வேண்டாம். இன்னொருமுறை சத்தியம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கட்டடப் பொறுப்பாளர் இப்போதும் எங்களைக் கண்டால் முதலில் கூரையைத்தான் பார்க்கிறார்.